ஊர்தோறும் செல்லும் கிரிக்கெட்
மலாக்காத் தோட்டப் பள்ளிகளும் ஒரு புதிய ஆட்டமும்

ஓர் ஆட்டம் பிறந்த மண்ணிலேயே தங்கிவிடுவதில்லை. கப்பலேறி வரும் வணிகரோடும் படைவீரரோடும் பள்ளியாசிரியரோடும் அதுவும் வருகிறது. ஆனால் வந்த ஆட்டங்கள் எல்லாம் மக்களின் ஆட்டங்களாகிவிடுவதில்லை. சில ஆட்டங்கள் நூறாண்டு கடந்தும், வேலிக்கு அப்பால் நின்று பார்க்கும் காட்சியாகவே இருந்துவிடுகின்றன. மலாக்கா மாநிலத்துத் தோட்டத் தமிழருக்குக் கிரிக்கெட் நெடுங்காலம் அத்தகைய காட்சியாகவே இருந்தது.

இன்று நிலை ஓரளவு மாறியுள்ளது. 2008இல் இந்தியன் பிரிமியர் லீக் தொடங்கிய பின்னர், சென்னை அணியின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் கண்டு மகிழும் தமிழ்க் குடும்பங்கள் மலேசியாவில் பெருகின. ஆட்டக்காரரின் பெயர்களைப் பிள்ளைகள் அறிவர். எனினும் மட்டையைக் கையில் பிடித்துப் பார்த்த பிள்ளைகள் குறைவு. பார்ப்போர் மிகுந்தனர், ஆடுவோர் அவ்வளவாக மிகவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பப் பல நாடுகளில் கையாளப்படும் முறை ஒன்று உண்டு. மட்டை, பந்து, முளைகள் ஆகியவற்றை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு பயிற்றுநர் சிலர் ஊர்தோறும் செல்வர். பள்ளித் திடலிலோ கோயில் வெளியிலோ ஒரு நாள் விழா நடத்துவர். பிள்ளைகளுக்கு ஆட்டத்தை அறிமுகம் செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்படுவர். பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றமும் 2019இல் 'கிரியோ' என்ற பெயரில், கடும் விதிகளும் பெருந்திடலும் வேண்டாத எளிய ஆட்ட முறையைப் பரப்பத் தொடங்கியது. இம்முறை எங்கே வென்றது, எங்கே வெறும் வேடிக்கையாய் முடிந்தது, மலாக்காவில் அது பயன்தர வேண்டுமாயின் எவை வேண்டும் என்பன தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

திடலும் வேலியும்

மலாயாவுக்குக் கிரிக்கெட்டைக் கொணர்ந்தவர் ஆங்கிலேயர். சிங்கப்பூர்க் கிரிக்கெட் சங்கம் 1852இல் தோன்றியது. கோலாலம்பூரில் சிலாங்கூர்ச் சங்கம் 1884இல் அமைந்தது. நகர் நடுவே ஒரு புல்வெளித் திடல், அதன் ஓரத்தில் ஒரு சங்கக் கட்டடம் என்பது ஆங்கிலேயர் குடியேறிய நகரங்களின் பொது அமைப்பு. மலாக்காவிலும் பண்டார் ஹிலிர்த் திடலை நோக்கி 1912இல் மலாக்காச் சங்கத்தின் கட்டடம் எழுந்தது. அத்திடலில்தான் 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமான் விடுதலை நாளை மக்களுக்கு அறிவித்தார். சங்கக் கட்டடம் பிற்காலத்தில் விடுதலைப் பிரகடன நினைவகமாயிற்று. திடல் இருந்த இடத்திலோ 2000களில் ஒரு பெரும் வணிக வளாகம் எழுந்தது. ஆடுகளம் என்பது என்றும் நிலைத்திருக்கும் பொருளன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அக்காலத்து ஆட்டம் தரத்தில் குறைந்ததன்று. 1927இல் உட்புல், ஓல்ட்பீல்டு, மக்கார்ட்னி போன்ற பெயர்பெற்றோரைக் கொண்ட ஆஸ்திரேலியக் குழு ஒன்று இங்கு வந்தது. அதனை மலாயா அணி கோலாலம்பூரில் வென்றது. கோலாலம்பூரில் 1909இல் பிறந்த லால் சிங் என்னும் சீக்கியர், 1932இல் லார்ட்ஸ் திடலில் இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் பந்தயத்தில் இடம்பெற்றார். மலாயாவில் பிறந்து டெஸ்ட் ஆடியவர் அவர் ஒருவரே. மலாயாக் கிரிக்கெட் சங்கம் 1948இல் நிறுவப்பட்டது. 1967இல் மலேசியா பன்னாட்டு மன்றத்தின் இணை உறுப்பினராயிற்று.

தமிழரிடையேயும் ஆட்டம் ஓரளவு பரவிற்று. ஆனால் அது பரவிய வழி குறுகிய வழி. இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணிபுரிந்த யாழ்ப்பாணத் தமிழர், தம் ஊர்க் கல்லூரிகளில் கற்ற ஆட்டத்தை உடன் கொணர்ந்தனர். நகரத்து ஆங்கிலப் பள்ளிகளில் பயின்றோர் ஆடக் கற்றனர். மலாக்காவில் 1826இல் தோன்றிய மலாக்கா உயர்நிலைப் பள்ளியும், 1880இல் தோன்றிய செயின்ட் பிரான்சிஸ் கல்விக்கூடமும் அத்தகைய ஆங்கிலப் பள்ளிகள். தோட்டத்து லயங்களில் பிறந்த பிள்ளைக்கோ அவ்வழி எளிதில் திறக்கவில்லை.

தோட்டத்திற்குள் ஏன் வரவில்லை?

மலாக்கா, மலாயாவின் ரப்பர் வரலாற்றில் முதலிடம் பெற்ற மாநிலம். 1896இல் தான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் ஆசகானில் பெரும் பரப்பில் மரங்கள் நடப்பட்டன. ரப்பர் பெருகப் பெருக, தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்தது. கங்காணி முறையில் ஆள் வருவது 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. அதற்குள் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் தோட்டங்கள் தமிழ் ஊர்களாகவே மாறியிருந்தன.

அத்தோட்டங்களின் துரைமார் பலர் கிரிக்கெட் ஆடுவோரே. அப்படியிருந்தும், துரை ஆடிய ஆட்டம் தொழிலாளரிடம் பரவவில்லை. இதற்கு நான்கு காரணங்கள் கூறலாம்.

முதலாவது, நேரம். கிரிக்கெட் அன்று நாள் முழுதும் ஆடும் ஆட்டம். பால்வெட்டுத் தொழிலாளியோ விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். வெட்டிய பாலைச் சேர்த்து, எடை போட்டுத் திரும்பும்போது நண்பகல் ஆகிவிடும். மாலையில் எஞ்சுவது ஒன்றரை மணி நேரம். அதிலும் பல நாள் மழை பெய்யும். ஒன்றரை மணி நேரத்தில் முடியும் ஆட்டம் கால்பந்து. ஆகவே கால்பந்து தோட்டத்தின் ஆட்டமாயிற்று.

இரண்டாவது, பொருள். கால்பந்துக்கு ஒரு பந்து போதும், காலணிகூட வேண்டுவதில்லை. கிரிக்கெட்டுக்கு மட்டை, கையுறை, காற்காப்பு, தோற்பந்து எனப் பல வேண்டும். அவை யாவும் கடல் கடந்து வந்தவை. தொழிலாளியின் வருவாய்க்கு எட்டாதவை.

மூன்றாவது, தளம். சமமாக உருட்டிச் செப்பனிட்ட ஆடுதளம் இல்லாத இடத்தில் தோற்பந்து எழும்பித் தாக்கும். லயத்துக்கு முன்னிருந்த மேடுபள்ளமான வெளியில் அது இடர் தருவதாகும்.

நான்காவது, பள்ளி. பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்த தோட்டங்களில் முதலாளிகளே பள்ளி நடத்த வேண்டும் எனத் தொழிலாளர் சட்டம் விதித்தது. விதியை நிறைவேற்றுவதற்கென ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும் கிடைத்தனர். ஓர் ஆசிரியர் பல வகுப்புகளை ஒருங்கே நடத்திய அப்பள்ளிகளில் ஆட்டப் பயிற்சிக்கு இடம் ஏது?

ஆகவே தோட்டத் தமிழருக்குக் கிரிக்கெட்டில் நாட்டம் இல்லை என்று கூறுவது பிழை. ஆட்டம் அவர்கள் வாழ்க்கைக்கு ஏற்ற வடிவில் வரவில்லை என்பதே சரி. இன்றைய ஊர்சுற்றும் விழாக்கள் வெற்றி பெற வேண்டுமாயின் இந்நான்கு தடைகளுக்கும் விடை தர வேண்டும்.

ஊர் சுற்றிய பதினொருவர்

ஆட்டத்தை ஊருக்கு ஊர் எடுத்துச் செல்லும் வழக்கம் புதியதன்று. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் என்பவர் முதலில் கொத்தனாராகவும் பின்னர் விடுதி நடத்துபவராகவும் இருந்தவர். இவர் 1846இல் சிறந்த ஆட்டக்காரர் பதினொருவரைத் திரட்டி, 'அனைத்து இங்கிலாந்துப் பதினொருவர்' என்ற குழுவை அமைத்தார். அக்காலத்தில் புதிதாகப் பரவிய இரயில் பாதை இக்குழுவுக்குத் துணையாயிற்று. சென்ற ஊர்களில் உள்ளூரார் பதினொருவரை நிறுத்தினால் ஆட்டம் விரைவில் முடிந்துவிடும். ஆதலால் இருபது பேர், இருபத்திரண்டு பேர் என உள்ளூர் அணிக்கு இடம் கொடுக்கப்பட்டது. வல்லவருக்கும் எளியவருக்கும் இடையே ஆட்டத்தைச் சமப்படுத்திய இந்த ஏற்பாட்டால், ஒவ்வோர் ஊரிலும் இருபதுக்கு மேற்பட்டோர் புகழ்பெற்ற வீரரோடு ஒரே களத்தில் நின்றனர். அவர்களைக் காண ஊரே திரண்டது.

1854இல் இக்குழு பிரிஸ்டல் நகருக்கு வந்தபோது, உள்ளூர் அணியைத் திரட்டியவர் ஒரு மருத்துவர். அவர் மகனான சிறுவன் ஒருவன் அந்த ஆட்டத்தைக் களத்தோரம் இருந்து கண்டான். அச்சிறுவனே பின்னாளில் கிரிக்கெட் உலகில் பெரும்புகழ் பெற்ற டபிள்யூ. ஜி. கிரேஸ். ஒரு நாள் விழா யார் உள்ளத்தில் எதை விதைக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதற்கு இது சான்று.

எனினும் கிளார்க்கின் முயற்சியில் குறையும் இருந்தது. அது ஊதியத்திற்காக நடந்த தொழில். வந்த வருவாயில் பெரும்பங்கைக் கிளார்க் தாமே வைத்துக்கொண்டார் என வீரர் சிலர் மனம் கசந்து, 1852இல் பிரிந்து வேறொரு குழு அமைத்தனர். குழு வந்த நாளில் ஊர் மகிழ்ந்தது. குழு போன பின் கற்றுக்கொடுப்பார் ஒருவரும் அங்குத் தங்கவில்லை.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஆஸ்திரேலியாவில் நடந்தது. 1861ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்டீபன்சன் என்பவர் தலைமையில் ஓர் ஆங்கிலக் குழு அங்குச் சென்றது. அதனை அழைத்தவர்கள் உணவுத் தொழில் நடத்திய இரு வணிகர்கள். மெல்பர்னில் 1862ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளன்று தொடங்கிய முதல் ஆட்டத்தைக் காணப் பெருந்திரளானோர் கூடினர். ஆனால் வரலாற்றை மாற்றியது அக்கூட்டமன்று. குழுவில் இருந்த சார்லஸ் லாரன்ஸ் என்பவர் நாடு திரும்பாமல் சிட்னியில் பயிற்றுநராகத் தங்கிவிட்டார். அடுத்துவந்த குழுவிலிருந்து வில்லியம் காஃபின் என்பவரும் அவ்வாறே தங்கினார். லாரன்ஸ் பயிற்றிய ஆஸ்திரேலியப் பழங்குடியினர் அணி 1868இல் இங்கிலாந்து சென்று ஆடியது. முதல் குழு வந்த பதினைந்து ஆண்டுகளில், அதாவது 1877இல், உலகின் முதல் டெஸ்ட் பந்தயம் மெல்பர்னில் நடந்தது. அதில் ஆஸ்திரேலியா 45 ஓட்டங்களில் இங்கிலாந்தை வென்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே பாடத்தைத் தருகின்றன. திருவிழா கூட்டத்தைச் சேர்க்கும். ஆட்டத்தை வளர்ப்பவரோ விழா முடிந்த பின்னும் ஊரில் இருப்பவரே.

தமிழர் வாழ்விடங்களில் கண்ட சான்றுகள்

தோட்டத் தொழிலாளர் மரபில் வந்த தமிழர் இவ்வாட்டத்தில் எட்டிய உயரத்துக்கு முத்தையா முரளிதரனே சான்று. அவர் பாட்டனார் தமிழகத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்ய வந்தவர். முரளிதரன் 2010ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் காலி நகரில் தம் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். இன்றுவரை அந்த எண்ணிக்கையை எட்டியவர் வேறு எவரும் இலர். அவரை உருவாக்கியவற்றுள் முதன்மையானது கண்டி நகரத்துப் புனித அந்தோனியார் கல்லூரியின் திடல். முதலில் நடுத்தர வேகத்தில் பந்து வீசிய சிறுவனைச் சுழற்பந்து வீசுமாறு திருப்பியவர் பள்ளிப் பயிற்றுநர். திடலும் ஆசிரியரும் வாய்த்தபோது தோட்டத் தொழிலாளியின் பேரன் உலகின் முதல்வரானார். அவை வாய்க்காத தோட்டங்களில் எத்தனை பேர் அறியப்படாமலே மறைந்தனரோ!

பின்னர் அவர் தொடர்புகொண்ட அறநிலையத்தின் முயற்சியால், 2012இல் இலங்கையின் வட பகுதியில் 'முரளி நல்லிணக்கக் கோப்பை' என்ற பள்ளிப் போட்டி நடந்தது. போரால் சிதைந்த வட்டாரங்களுக்குத் தெற்கிலிருந்து பள்ளி அணிகள் சென்று ஆடின. ஆட்டத்தை மக்களிடம் எடுத்துச் சென்ற முயற்சி, மக்களை ஒருவரோடொருவர் சேர்க்கும் முயற்சியாகவும் ஆயிற்று.

தமிழகத்திலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. நெடுங்காலம் பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் சென்னையிலேயே நடந்தன. 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரிமியர் லீக், சென்னையோடு திண்டுக்கல்லை அடுத்த நத்தத்திலும் திருநெல்வேலியிலும் பந்தயங்களை நடத்தியது. 2022இல் திருநெல்வேலி, திண்டுக்கல், கோயம்புத்தூர், சேலம் ஆகிய நான்கு இடங்களிலேயே பந்தயங்கள் நடந்தன. தலைநகருக்குச் செல்ல இயலாத மாவட்ட மக்கள் தம் ஊரிலேயே தேர்ந்த ஆட்டத்தைக் கண்டனர்.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராசனின் வரலாறும் குறிக்கத்தக்கது. நெசவுத் தொழிலாளியின் மகனாகிய அவர் இளமையில் டென்னிஸ் பந்தாலேயே ஊர்ப் போட்டிகளில் ஆடி வளர்ந்தார். 2021ஆம் ஆண்டு சனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். பின்னர்த் தம் ஊரிலேயே இளைஞருக்காக ஒரு திடலை அமைத்தார். அது 2023இல் திறக்கப்பட்டது. வென்றவர் ஊருக்குத் திரும்பி வந்து ஒரு திடலை விட்டுச்செல்வது, விழா எடுத்துக் கோப்பையைக் காட்டிச் செல்வதினும் பெரிது.

டென்னிஸ் பந்தின் உட்கூடு ரப்பரால் ஆனது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. மலாயாவில் பெருந்தோட்டங்களை உடையதாக இருந்த டன்லப் நிறுவனம் அப்பந்துகளையும் செய்து விற்றது. தமிழர் வெட்டிய பால் பந்தாகி உலகைச் சுற்றியது. அப்பந்து தோட்டப் பிள்ளையின் கைக்கு ஆட்டப் பொருளாகத் திரும்பி வருவது பொருத்தமே.

ஒரு நாள் விழா நடக்கும் முறை

மலாக்காவின் மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மாநிலம் சிறியது. நகரிலிருந்து புறப்படும் வண்டி ஆசகானையோ தெபோங்கையோ ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அடைந்துவிடும். ஊர்சுற்றும் முறைக்கு இவ்வளவு ஏற்ற மாநிலங்கள் சிலவே.

ரப்பர் செம்பனையாக மாறியதாலும், தோட்டங்கள் துண்டாடப்பட்டதாலும், மக்கள் நகர்ப்புறம் சென்றதாலும் பல தோட்டப் பள்ளிகளில் மாணவர் தொகை குறைந்துவிட்டது. ஒரு பள்ளியில் பதினொருவர் அணி அமைப்பதே அரிதாகலாம். ஆகவே ஓர் அணிக்கு அறுவர் அல்லது எண்மர் என ஆடும் முறையே ஏற்றது. 1980களில் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் பள்ளிப் பிள்ளைகளுக்கென எளிய ஆட்ட முறைகள் வகுக்கப்பட்டன. அவற்றில் மட்டையும் முளைகளும் பிளாஸ்டிக்கால் ஆனவை, பந்து மெத்தென்றது. இருவர் இருவராக இணைந்து குறித்த ஓவர்கள் வரை மட்டையாடுவர். ஆட்டமிழந்தாலும் வெளியேற வேண்டுவதில்லை. அணியின் கணக்கில் சில ஓட்டங்கள் கழிக்கப்படும். முதற் பந்திலேயே ஆட்டமிழந்து மரத்தடியில் அமரும் பிள்ளை மறுமுறை வரமாட்டான். அத்துன்பத்தை இம்முறை நீக்குகிறது. எல்லாரும் மட்டை பிடிப்பர்; எல்லாரும் பந்து வீசுவர். மொத்த ஆட்டமும் ஒரு மணி நேரத்தில் முடியும். நேரம், பொருள், தளம் என்னும் முதல் மூன்று தடைகளும் இவ்வாறு நீங்குகின்றன.

ஆட்டத்தை விளக்குவதற்கும் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே உள்ள அறிவே துணையாகும். கிட்டிப்புள் அறிந்தவருக்குக் கிரிக்கெட் முற்றிலும் புதிதன்று. கோலால் அடிப்பது, அடித்ததைப் பிறர் பிடித்தால் ஆட்டமிழப்பது, அடித்த தொலைவுக்கேற்பக் கணக்கு ஏறுவது என்னும் மூன்று கருத்துகளும் அதில் உண்டு. மலாய்ப் பிள்ளைகளும் இதனையொத்த கொண்டா கொண்டி என்னும் ஆட்டத்தை அறிவர். அந்த ஆட்டத்திலிருந்து தொடங்கினால் இரு திறத்தாரும் எளிதில் கற்பர்.

கணக்கு ஆசிரியர்க்கும் இதில் இடம் உண்டு. இரு முளைத் தொகுதிகளுக்கும் இடையிலுள்ள தொலைவு 22 கெஜம். நிலம் அளப்போர் பயன்படுத்திய ஒரு சங்கிலியின் நீளமும் அதுவே. ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் கொண்ட நிலம் ஓர் ஏக்கர். ஏக்கர்க் கணக்கில் வாழ்ந்த தோட்டத்து மக்களுக்கு ஆடுதளத்தின் அளவு அயலானதன்று. மேலும், ஓர் ஓவருக்கு ஆறு பந்துகள். கணக்குப் பலகையில் 8.3 ஓவர் எனக் கண்டால், அது எட்டே மூன்று பத்தன்று. எட்டு ஓவரும் மூன்று பந்துகளும் சேர்ந்த 51 பந்துகள். பதின்மக் கணக்கில் தடுமாறும் மாணவனுக்கு இவ்வேறுபாட்டை உணர்த்த இதனினும் சுவையான பாடம் கிடைப்பது அரிது.

தமிழில் சொல்லுதல்

விழாவில் ஒலிபெருக்கி இருக்கும். அதில் எம்மொழி ஒலிக்கும் என்பது சிறிய கேள்வியன்று. சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி, கூத்தபிரான் முதலியோர் தமிழில் நேர்முக வருணனை செய்தபோது, ஆங்கிலம் அறியாத சிற்றூர் மக்களும் ஆட்டத்தின் நுட்பத்தை உணர்ந்தனர். இலங்கைத் தமிழ் இதழ்கள் துடுப்பாட்டம், பந்துவீச்சு, களத்தடுப்பு, இலக்கு, ஆட்டமிழப்பு எனச் சொற்களை வழக்கிற் கொண்டுவந்தன.

தமிழ்ச் சொல் சில இடங்களில் ஆங்கிலச் சொல்லினும் தெளிவு தருகிறது. விக்கெட் என்ற ஒரே சொல், நட்ட முளைகளையும், ஆடுதளத்தையும், ஆட்டமிழப்பையும் குறிக்கும். புதிதாய்க் கற்பவர் இதனால் மயங்குவர். முளைகள், ஆடுதளம், ஆட்டமிழப்பு என வேறுபடுத்திச் சொன்னால் மயக்கம் தீரும். அதே வேளையில் மட்டையைத் துடுப்பு என்பதா மட்டை என்பதா என வழக்காடிக்கொண்டு பிள்ளைகளைக் காக்க வைக்க வேண்டுவதில்லை. பிள்ளைகள் நாவில் எது இயல்பாய் வருகிறதோ அது வழங்கட்டும். கிரிக்கெட், ஓவர் போன்றவை வேண்டுமாயின் அப்படியே நிற்கட்டும். பொருள் விளங்குவதே முதன்மை.

தடைகளும் ஐயங்களும்

கால்பந்தும் சடுகுடுவும் இருக்கையில் இன்னொன்று எதற்கு என்று கேட்போர் உண்டு. இக்கேள்வி புறந்தள்ளத் தக்கதன்று. சந்திரனும் ஆறுமுகமும் மலேசியக் கால்பந்தில் விளங்கிய காலத்தில் தோட்டத் திடல்கள் உயிரோடிருந்தன. அத்திடல்கள் பலவும் இன்று இல்லை. உள்ள ஒரே திடலில் கால்பந்தை விரட்டிக் கிரிக்கெட்டை நிறுத்துவது அறிவுடைமையாகாது. ஆனால் கால்பந்தில் இடம் பெறாத பிள்ளைகள் பலர் உளர். ஓட்டத்தில் மெலிந்தவன் கையின் நுட்பத்தால் பந்தைச் சுழற்றக்கூடும். பெண்பிள்ளைகளுக்கு மெத்தென்ற பந்து ஆட்டம் புதிய வாயில். மலேசிய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய வினிபிரெட் துரைசிங்கம் போன்றோர் அவர்கள் கண்முன் உள்ளனர்.

பிறிதோர் ஐயம், இதனால் எட்டக்கூடியது என்ன என்பது. மலேசியாவின் தரம் இன்னும் உயர வேண்டும் என்பது உண்மை. 2025 சனவரியில் இந்நாட்டில் நடந்த 19 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில், இந்தியாவுக்கு எதிராக மலேசிய அணி 31 ஓட்டங்களுக்கு வீழ்ந்தது. ஆனால் அதே போட்டியில், கூச்சிங்கில், கிரிக்கெட்டில் பெயர் பெறாத நைஜீரியாவின் பெண்கள் நியூசிலாந்தை 2 ஓட்டங்களில் வென்றனர். தாய்லாந்தில் சாப்ட்பால் ஆடிய பெண்கள் பலர் கிரிக்கெட்டைக் கற்று, 2020இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மகளிர் உலகக் கோப்பையில் ஆடினர். 2023ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள், மலேசியாவின் சியாஸ்ருல் இத்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ஓட்டங்கள் கொடுத்து 7 பேரை வீழ்த்தினார். ஆடவர் பன்னாட்டு இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் ஏழு பேரை வீழ்த்தியது அதுவே முதன்முறை. கிரிக்கெட் மரபு இல்லாத இல்லங்களிலிருந்தும் வல்லவர் தோன்றுவர் என்பதை இவை காட்டுகின்றன.

மூன்றாவது தடையே பெரியது. வண்டி வரும், பதாகை கட்டப்படும், படம் எடுக்கப்படும், பிள்ளைகள் தொப்பி பெறுவர், மாலையில் வண்டி போய்விடும். மறுநாள் திடலில் மட்டையும் இராது, பந்தும் இராது. 2023இல் உலகக் கோப்பையே 18 நாடுகளுக்கு ஊர்வலமாகச் சென்றபோது மலேசியாவும் அப்பட்டியலில் இடம்பெற்றது. கோப்பையைக் காண்பது மகிழ்ச்சியே. காண்பதனால் மட்டும் எவரும் பந்து வீசக் கற்பதில்லை.

ஆகவே ஒவ்வொரு விழாவும் புறப்படுமுன் மூன்றனை ஊரில் விட்டுச் செல்ல வேண்டும். ஒன்று, ஒரு பை நிறைய மட்டைகளும் பந்துகளும். மற்றொன்று, அன்றைய நாளிலேயே பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர் ஒருவர் அல்லது இளைஞர் ஒருவர். இன்னொன்று, அடுத்த ஆட்டம் எந்நாள், எப்பள்ளியோடு என்ற உறுதி. ஜாசின் வட்டாரத்துப் பள்ளிகள் நான்கு சேர்ந்து திங்களுக்கு ஒரு முறை ஆடினாலே போதும்; அயலிலுள்ள மலாய், சீனப் பள்ளிகளையும் அழைத்தால் இன்னும் நன்று. விழாவின் வெற்றியை அன்று கூடிய கூட்டத்தைக் கொண்டு அளக்கலாகாது. ஆறு திங்கள் கழித்து அத்திடலில் எத்தனை பிள்ளைகள் ஆடுகின்றனர் என்று எண்ணிப் பார்ப்பதே சரியான அளவு.

நான்காவது தடையாகிய பள்ளிக்கு விடை தமிழாசிரியரிடமே உள்ளது. லாரன்ஸ் என்பவர் சிட்னியில் தங்கியதால் ஒரு நாட்டின் ஆட்டம் வளர்ந்தது. தோட்டப் பள்ளியின் ஆசிரியருக்கு அங்கே தங்கும்படி எவரும் கூற வேண்டுவதில்லை. அவர் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மட்டை, ஒரு பந்து, 22 கெஜ நிலம் ஆகியவற்றோடு அவர் நின்றால், வேலிக்கு அப்பாலிருந்து பார்த்த ஆட்டம் நூறாண்டுக்குப் பின்னர் வேலிக்கு உள்ளே வரும்.